முதலில் கேட்ட மாத்திரை இப்போது ஏன் கேட்கவில்லை?

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. போன வருடம் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று ஜெஃபிடினிப் மாத்திரை ஆரம்பித்தார்கள். பத்துப் பதினோரு மாதம் இருமல் நின்று, தோட்டத்துக்குப் போய்வரும் அளவுக்குத் தேறினார். இப்போது ஸ்கேனில் கட்டி திரும்ப வளர்கிறது. பெங்களூரு டாக்டர், மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது, இன்னொரு பயாப்சி வேண்டும் என்கிறார். மகன் கேட்பது இதுதான்: நடுவில் மாத்திரைக் கம்பெனி மாறியதாலா? இரண்டு மாதம் கூடவே நாட்டு மருந்து சாப்பிட்டதாலா? உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டதா? என்ன நோய் என்று தெரிந்த பிறகு மறுபடி எதற்கு ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும்?

நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் பாலக்கோடு. பெங்களூரில் புற்றுநோய் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்படி இரண்டாம் முறை வருகிற சாம்பிள்களைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் அப்பாவுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. கட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன். முதல் மூன்று கேள்விக்கும் பதில் 'அநேகமாக இல்லை' என்பதுதான். நாலாவது கேள்விதான் முக்கியமானது.

முதலில் மாத்திரை என்ன செய்தது என்று பார்ப்போம். இஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேலுறையில் நிற்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வளர்ச்சிக்கான செய்தி வந்தால், பிரிந்து பெருகச் சொல்லி செல்லுக்குள் தகவல் அனுப்புவது அதன் வேலை. அதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். அது வந்து ஒட்டுவதற்கென்று புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. உங்கள் அப்பாவின் கட்டியில் இந்தப் புரதம் வெளிச்செய்தி எதுவும் வராமலேயே ஓயாமல் தகவல் அனுப்பும்படி மாறியிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மரபணுவின் பகுதிகளை எக்ஸான் என்று எண் போட்டுச் சொல்வார்கள். எக்ஸான் 19-இல் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்றோ, எக்ஸான் 21-இல் எல்858ஆர் என்றோ பெரும்பாலும் எழுதியிருக்கும். ஜெஃபிடினிப் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து ஏடிபியை உள்ளே விடாமல் தடுக்கிறது. கட்டியின் பிழைப்பே அந்த ஒரு புரதத்தை நம்பித்தான் இருந்தது என்பதால், அதை நிறுத்தியதும் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அப்பாவின் இருமல் நின்றது அதனால்தான்.

இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தபோது, இது யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று யாருக்கும் தெரியாது. நன்றாகக் கேட்டவர்களின் கட்டியில் இந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்பது 2004-இல் தெரிய வந்தது. அடுத்த வருடமே, நன்றாகக் கேட்டுப் பிறகு கைவிட்டவர்களின் கட்டியில் இரண்டாவதாக ஒரு மாற்றம் இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டி790எம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர் தேடப்போவது முதலில் இதைத்தான்.

இந்த இரண்டாவது மாற்றம் எப்படி வந்தது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது. தக்காளியில் காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கிறீர்கள். முதல் வருடம் நன்றாகக் கேட்கிறது, மூன்றாம் நாலாம் வருடம் அதே மருந்து கேட்பதில்லை. எந்த ஒரு புழுவும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகிக்கொள்ளவில்லை. லட்சத்தில் ஒன்றாக, அந்த மருந்து வேலை செய்யாத புழு முதலிலேயே வயலில் இருந்தது. மற்றதெல்லாம் செத்ததும் அது தனியாக நின்று தின்று முட்டையிட்டது. அடுத்த தலைமுறை முழுக்க அதன் வாரிசுகள். கட்டியிலும் நடப்பது இதே தேர்வுதான். உடம்பு பழகிவிட்டதா என்றால், அப்பாவின் உடம்பில் எதுவும் பழகவில்லை. கட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள கட்டியில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல்கள் வரை இருக்கலாம். ஒவ்வொரு செல்லும் பிரியும்போது சுமார் 300 கோடி எழுத்துள்ள மரபணுத் தொகுப்பை நகலெடுக்க வேண்டும். திருத்தும் ஏற்பாடெல்லாம் இருந்தும் ஓரிரண்டு பிழை தப்பிவிடும். புற்றுசெல்லில் இன்னும் கூடுதலாகவே தப்பும். ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும் அளவு கட்டி வளர்வதற்குள் எத்தனை தடவை பிரிந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்தக் கூட்டத்தில் டி790எம் பிழை உள்ள செல் ஒன்றிரண்டு, மாத்திரை அட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்துதான் இந்த மாற்றத்தை உண்டாக்கியதோ என்ற சந்தேகம் நியாயமானது. விஞ்ஞானிகளுக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது. 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற இருவர் பாக்டீரியாவை வைத்து இதைச் சோதித்தார்கள். தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாவை, அதைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் ஊற்றினார்கள். வைரஸ் பட்ட பிறகுதான் எதிர்ப்பு வருகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்க வேண்டும். ஆனால் சில தட்டில் ஒன்றுகூட இல்லை, சில தட்டில் ஏகப்பட்டது. மாற்றம் வைரஸைப் பார்ப்பதற்கு முன்பே, குழாயில் வளரும்போதே, ஏதோ ஒரு தலைமுறையில் தற்செயலாக வந்திருந்தால் மட்டுமே இப்படி நடக்கும். முன்னாலேயே வந்த குழாயில் வாரிசுகள் அதிகம், கடைசியில் வந்த குழாயில் குறைவு. சிக்கனமான, அழகான சோதனை. 1969-இல் இவர்களுக்கு நோபல் கிடைத்தது.

ஆனால் கட்டியின் கதை இதோடு முழுசாக முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், உங்கள் அப்பாவுக்கு உள்ள மாதிரி மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுசெல்களுக்கு மிக அதிக அளவில் மருந்து கொடுத்தார்கள். ஆயிரத்தில் மூன்று செல் அளவுக்குச் சாகாமல் நின்றன. பார்த்தால் அவற்றில் எதிர்ப்பு தரும் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. பிரியாமல், வளராமல் சும்மா முடங்கிக் கிடந்தன. மருந்தை எடுத்துவிட்டதும் திரும்ப வளர்ந்தன. அந்த வாரிசுகளுக்கு மருந்து மறுபடி கேட்டது! அதாவது மரபணு எழுத்து மாறாமலேயே, எந்த மரபணுவைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்பதை மாற்றிக்கொண்டு தற்காலிகமாகத் தாக்குப்பிடிக்கும் செல்களும் உண்டு. 2016-இல் இன்னோர் ஆய்வு இரண்டு கதையையும் சேர்த்துவைத்தது: டி790எம் சில செல்களில் முதலிலிருந்தே இருக்கிறது, சிலவற்றில் இப்படி முடங்கிக் கிடந்த செல்கள் நாளடைவில் அதைப் பெறுகின்றன. ஸ்கேன் நன்றாக வந்த அந்தப் பத்து மாதமும் கட்டி செத்துப்போய் இருக்கவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். அதனால்தான் நல்ல ரிப்போர்ட் வந்தாலும் மாத்திரையை நிறுத்த விடுவதில்லை.

சரி, டி790எம் என்ன செய்கிறது? இஜிஎஃப்ஆர் புரதத்தின் 790-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) பதில் மெத்தியோனின் வருகிறது. அந்த இடம் நான் சொன்ன பள்ளத்தின் வாசலிலேயே இருக்கிறது. மெத்தியோனின் பருமனானது, மாத்திரையை உள்ளே வரவிடாமல் இடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2008-இல் வேறொன்று தெரிந்தது. மாத்திரை இன்னமும் நன்றாகவே ஒட்டுகிறது, ஆனால் ஏடிபி முன்னைவிடப் பல மடங்கு நன்றாக ஒட்டுகிறது. செல்லுக்குள் ஏடிபி தாராளமாகக் கிடப்பதால் போட்டியில் மாத்திரை தோற்றுவிடுகிறது. அப்படியானால், போட்டிக்கே இடமில்லாமல் ஒருமுறை ஒட்டினால் விடாத மருந்து செய்தால் என்ன? ஆசிமெர்டினிப் அப்படி வந்ததுதான். அது பக்கத்தில் 797-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ரத்தப் புற்றுநோயில் இதே நாடகம் இன்னும் முன்னாலேயே நடந்தது. சிஎம்எல் என்ற வகைக்கு இமாடினிப் மாத்திரை 2001 மே மாதம் வந்தது. இந்த ரக மருந்துகளில் முதல் பெரிய வெற்றி அது. அதே வருடமே மருந்து கேட்காமல் போனவர்களிடம் டி315ஐ என்ற மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். புரதம் வேறு, ஆனால் இடம் அதே வாசல்தான். அதற்கும் கேட்கும் பொனாடினிப் வருவதற்கு 2012 ஆனது.

ஜெஃபிடினிப் கைவிட்டவர்களில் பாதிப் பேருக்கோ இன்னும் கொஞ்சம் அதிகமானவர்களுக்கோதான் டி790எம் இருக்கும். மற்றவர்களுக்கு? சிலரின் கட்டி இஜிஎஃப்ஆரைத் தொடவே தொடாமல் வேறு வழி பிடித்திருக்கும். மெட் என்ற இன்னொரு மரபணுவைப் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக அதே வளர்ச்சித் தகவலை அனுப்பும். இஜிஎஃப்ஆரை மாத்திரை ஒழுங்காகவே அடைத்துக்கொண்டிருக்கும், ஆனால் அதனால் பிரயோஜனம் இருக்காது. 2007-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஹெர்2 மரபணுவும் சிலரிடம் இதே வேலையைச் செய்கிறது.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது மூன்றாவது வழி. கட்டி தன் ரகத்தையே மாற்றிக்கொள்கிறது. அடினோகார்சினோமா (சுரப்பி செல் ரகப் புற்றுநோய்) என்று முதல் பயாப்சியில் வந்தது, இரண்டாவது பயாப்சியில் சிறுசெல் புற்றுநோயாக (சின்னச் செல்கள் கொண்ட, வேகமாக வளரும் வேறு ரகம்) வந்து நிற்கும். நூறு பேரில் 3 பேர் என்று ஓர் ஆய்வும் 14 பேர் என்று இன்னோர் ஆய்வும் சொல்கின்றன. பழைய எக்ஸான் 19 மாற்றம் அப்படியே இருக்கும், ஆகவே இது புதிதாக முளைத்த வேறு நோய் இல்லை, அதே கட்டியின் வாரிசுதான். ஆனால் அது இப்போது இஜிஎஃப்ஆரை நம்பியே இல்லை. இஜிஎஃப்ஆருக்கு எந்தப் புது மாத்திரை கொடுத்தாலும் வீண். சிறுசெல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோதெரபிதான் கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் நாலாவது கேள்விக்கு வந்துவிட்டோம். மூன்று வழிக்கும் ஸ்கேன் ஒரே மாதிரிதான் இருக்கும்: கட்டி பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். சிகிச்சை மூன்றுக்கும் வேறு வேறு. டி790எம் இருந்தால் ஆசிமெர்டினிப். 2017-இல் வெளியான பெரிய சோதனையில், டி790எம் உள்ளவர்களுக்கு அது நோயைச் சராசரியாக 10.1 மாதம் கட்டுப்படுத்தியது, கீமோ 4.4 மாதம். டி790எம் இல்லாதவருக்கு அதே மாத்திரையை ஊகத்தில் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்காது. காசும் போகும், அதைவிடப் பெரிய நஷ்டமாக மாதங்களும் போகும். பயாப்சிக்குத் தயங்கி, பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் கேட்டது என்று மாத்திரையை மாற்றிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ரத்தப் பரிசோதனை போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். கட்டி செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அதில் டி790எம் தேடலாம். இதற்கான சோதனை ஒன்றுக்கு 2016-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இங்கேயும் தாராளமாகச் செய்கிறோம். ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம், பல டாக்டர்கள் அத்தோடு பயாப்சியைத் தவிர்த்துவிடுவார்கள். இல்லை என்று வந்தால் நம்ப முடியாது. உண்மையில் டி790எம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் தெரியாமல் போகும்; கட்டி சிறிதாக இருந்தாலோ நெஞ்சை விட்டுப் பரவாமல் இருந்தாலோ அப்படி ஆகும். அப்புறம், கட்டி சிறுசெல் ரகமாக மாறியிருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில் சதையைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். டாக்டர் பயாப்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதலில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்தால் பயாப்சி செய்யலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஒரே ஆளின் உடம்பில் ஈரலில் ஒரு வழி, நுரையீரலில் வேறு வழி என்று இருப்பதும் உண்டு. எந்தக் கட்டி வளர்கிறதோ அதிலிருந்து எடுப்பதுதான் சரி. எலும்பிலிருந்து எடுத்தால் ஒரு சிக்கல். எலும்பை மெதுவாக்க ஆசிட்டில் ஊற வைப்பார்கள், அதில் டிஎன்ஏ கெட்டுவிடும். எங்களுக்கு வந்து சேரும்போது அதில் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. மரபணுப் பரிசோதனைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு முறையில் பதப்படுத்துவார்கள். ஒரே ஒரு இடம்தான் வளர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்வதும் உண்டு.

இனி கம்பெனி மாறியது. மூலப்பொருளும் அளவும் ஒன்றே, 250 மில்லிகிராம். முறையான பில்லோடு வாங்கிய மாத்திரை என்றால் அதன் மேல் பழிபோட முகாந்திரம் இல்லை. ஒருநாள் இரண்டு நாள் மறந்ததாலும் இது வராது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு நாள் ஆகும். நாட்டு மருந்து டி790எம் உண்டாக்காது. ஆனால் கூடச் சாப்பிடுகிற சில பொருள்கள் மாத்திரையை ஈரல் உடைக்கும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், அப்போது ரத்தத்தில் மருந்தின் அளவு மாறும். அதில் என்னென்ன இருந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்தைவிட எனக்குப் பயம் மற்ற அலோபதி மாத்திரைகள் மேல்தான். நம் பக்கம் நெஞ்சில் நிழல் தெரிந்தால் முதலில் டிபி என்று ஆரம்பித்துவிடுவதும் உண்டு. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் ஜெஃபிடினிப்பின் அளவை 83 சதவீதம் குறைத்துவிடும். அப்படியானால் மாத்திரை கேட்காததுபோலத்தான் தெரியும், கட்டியில் ஒன்றும் மாறியிருக்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அளவைக் குறைக்கும். 'கேஸ்' மாத்திரை என்று தினமும் போடுகிறோமே, வயிற்று அமிலத்தை அடக்குவது, அதுவும் ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதைக் கணிசமாகக் குறைக்கும். அப்பா சாப்பிடும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பயாப்சிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். மாத்திரைதான் கேட்கவில்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டியில் மருந்து கேட்கும் செல்களும் இன்னும் கலந்து இருக்கின்றன. நிறுத்தினால் அவை எழுந்துகொள்ளும். இப்படி நிறுத்தியவர்களைக் கவனித்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு நோய் சில நாட்களிலேயே வேகமெடுத்தது. டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

ஆசிமெர்டினிப்பும் ஒருநாள் கைவிடுமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆம். அது பிணைந்துகொள்ளும் 797-ஆவது இடத்திலேயே சிஸ்டீன் போய் செரின் வந்துவிடும், அல்லது மெட் வழி. அப்போது திரும்பவும் இதே மாதிரி பரிசோதனை. இதனால்தான் இப்போது ஆரம்பத்திலேயே இரண்டு வேறு தாக்குதலைச் சேர்த்துக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பும் செல் இன்னொன்றில் மாட்டும் என்ற கணக்கு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2020-இல் வெளியிட்ட சோதனையில் ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு 8 மாதம், கூடவே கீமோ எடுத்தவர்களுக்கு 16 மாதம் நோய் அடங்கியிருந்தது. பக்கவிளைவு அதிகம், எல்லா உடம்பும் தாங்காது. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போதுதான் சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் டாக்டரிடம் கேட்டுப்பாருங்கள்.

செலவு பற்றி: ஆசிமெர்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள், ஆனாலும் விலை அதிகம்தான். கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா, முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும் என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

கடைசியாக, அலைச்சலைக் குறைக்க இரண்டு விஷயம். முதல் பயாப்சி எங்கே எடுத்தீர்களோ அங்கே போய் 'பிளாக்' கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகில் பதித்த சதைத் துண்டு அது. பழையதையும் புதியதையும் ஒப்பிட அது வேண்டியிருக்கும். பலர் ஸ்லைடு மட்டும் கொண்டுவந்துவிட்டு மறுபடி பஸ் ஏறுகிறார்கள். ரத்தம் கொடுப்பதானால் கட்டி டிஎன்ஏவுக்கென்று உள்ள தனிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து செல்களைச் சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ சனிக்கிழமை சாயந்திரம் எடுத்துக் கூரியரில் போட்டால் திங்கட்கிழமை எங்கள் கைக்கு வருவது வீணான ரத்தம்.